இலையை யார் வாங்குவது?

அத்தியாயம் பதினேழு

ஓம்பேனி ஊருக்கு வந்துவிட்டான் என்று வியாழக்கிழமை குழாயடியில் காதில் விழுந்ததிலிருந்து மன்காவின் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. சொன்னது யார் என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாளி நிரம்பியதும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் தண்ணீர் தளும்பிக் கழுத்தில் வழிந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், அவளுடைய கொழுந்தன் ஓம்பேனி வாழைப்பழக் கள்ளை மூக்குமுட்டக் குடித்துவிட்டுப் பிக்கப் வண்டியை எடுத்தான். கடைக்குச் சோடா வாங்கக் கிளம்பிய மன்காவின் மகள் ஹைக்கா, நானும் வருகிறேன் சித்தப்பா என்று பின்னால் ஏறிக்கொண்டாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கால்வாய் வளைவில் வண்டி கவிழ்ந்தது. அவனுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு. பெண்ணுக்குத் தோளுக்குக் கீழே எல்லாம் போய்விட்டது.

மூன்று வருஷம் சிறை. அப்புறம் ஊருக்கு முகம் காட்டாமல் தூரத்தில் தாங்கா ஊர்ப் பக்கம் கற்றாழைத் தோட்டத்தில் வேலை. இப்போது வந்திருக்கிறான். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறானாம்.

சனிக்கிழமை விடியற்காலை. இங்கே ஜூலைதான் குளிர்காலம். மச்சாமே மலைச்சரிவு முழுக்கப் பனி இறங்கி, வாழைத்தோப்பில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆறு மணி முறைக்கு நேரமாகிவிட்டது.

முறை என்றால் ஹைக்காவைப் புரட்டிப் படுக்கவைக்கும் முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இப்படியே பகலும் இரவும். ஒரு கையை மகளின் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, முழங்காலை மடக்கி, ஒரே மூச்சில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். அப்புறம் தேங்காயெண்ணெய், துடைப்பு, தலையணை முட்டு. ஒவ்வொரு முறையும் மன்கா ஒரே ஒரு ஜெபம்தான் செய்வாள். ஆண்டவரே, இந்த ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும் பலம் கொடும். மொத்த ஆயுசுக்கும் சேர்த்துக் கேட்க அவளுக்குத் துணிச்சல் இல்லை.

புரட்டி முடித்து அழுக்குத் துணியை இடது கையில் சுருட்டிக்கொண்டு நிமிரும்போது அடுக்களைப் பக்கம் குரல் கேட்டது.

"மன்கா, எழுந்துட்டியா?"

நாத்தனார் ஃபோயிபே. கணவனுக்கு மூத்தவள். இவள் விடிகாலையில் வருகிறவள் இல்லை. அதிலும் கையில் எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறவளே இல்லை.

"என்னக்கா இந்நேரத்துல?"

"பால் கறந்தேன். ஹைக்காவுக்கு ஒரு குடுவை கொண்டாந்தேன். சூடு ஆறுறதுக்குள்ள குடு. இந்தா, பிடி."

மன்கா வலது கையை நீட்டி வாங்கினாள். சுரைக்குடுவையின் கழுத்தில் இலையால் சுற்றி வாயை அடைத்திருந்தது. அடுக்களையில் அடுப்பு வெளிச்சம் மட்டும்தான். அடைப்பைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டுக் குவளையில் ஊற்றினாள். ஃபோயிபே வாசல் நிலையில் சாய்ந்து நின்று, ஹைக்கா கடைசிச் சொட்டு குடிக்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, "நல்லா இரு" என்று சொல்லிக் கிளம்பினாள்.

நல்லா இரு என்று அவள் யாரையும் சொல்லி மன்கா கேட்டதில்லை.

ஏழு மணிக்கு வெளிச்சம் வந்தபின் குடுவையைக் கழுவ எடுத்தவள், ஓரமாகக் கிடந்த அடைப்பைப் பார்த்தாள். வாழைச்சருகுக்கு உள்ளே நீளமாக ஒரு பச்சை இலை. நடுவில் முடிச்சு.

மன்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இசாலே இலை. வேலியோரம் வரிசையாக நிற்கிற செடிதான், அது இல்லாத வீடு ஊரில் கிடையாது. செடியில் இருந்தால் அது வெறும் இலை. முடிச்சுப் போட்டு ஒருவர் கையில் கொடுத்தால் மன்னிப்புக் கேட்டதாக அர்த்தம். கையில் வந்ததை மறுக்கக்கூடாது. மறுத்தால் வீட்டுக்கு ஆகாது. வாங்கிவிட்டாலோ, அந்த விஷயத்தைச் சாகிறவரை வாயால் எடுக்கக்கூடாது. அதனால்தான், கோபம் ஆறாதவர்கள் முடிச்சோடு ஆள் வருகிறது என்று தெரிந்தால் பின்பக்கமாகத் தோப்புக்குள் இறங்கிப் போய்விடுவார்கள். மன்காவும் வியாழக்கிழமையிலிருந்து அதற்குத் தயாராகத்தான் இருந்தாள். பாலோடு வரும் என்று யார் கண்டது?

வாங்கியாயிற்று. வலது கையால் வாங்கியாயிற்று. பாலையும் குடித்தாயிற்று.

அவள் கணவர் சிஃபாயேல் மாட்டுக்கொட்டிலில் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். புல்லறுக்கச் சமவெளிக்கு இறங்குகிற நாள். மன்கா இலையை அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"ஏங்க, இது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் இலையைப் பார்த்தார். அரிவாளைப் பார்த்தார். தீட்டுக் கல்லைத் துடைத்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன்."

"அக்கா ஏதோ சொல்லிச்சு. பால்ல வரும்னு எனக்குத் தெரியாது."

"வரும்னு தெரியும். எதுல வரும்னுதான் தெரியாது. அப்படித்தானே?"

"கோபப்படாத மன்கா. நாளைக்குக் கோயில்ல அவன் கல்யாண அறிவிப்பு வாசிக்கணும். நீ இலைய வாங்கினாத்தான் போதகர் பேரைச் சேர்ப்பேன்னுட்டாரு. இன்னைக்கு மதியம் ஒரு மணிக்குள்ள சொல்லணுமாம். அவனும் எத்தனை நாளைக்குத்தான் ஊர் ஊரா அலைவான்? அவன் குடிசை பூட்டித்தானே கிடக்கு."

அந்தக் குடிசை இருபது எட்டில் இருந்தது. மன்கா துணி காயப்போடும் இடத்திலிருந்து அதன் வாசல் நேராகத் தெரியும். அங்கே அவன் வந்து உட்காருவான், பெண்டாட்டி வருவாள், குழந்தை பிறக்கும், அது நடக்கப் பழகும். இவள் இங்கே நின்று மகளின் அழுக்குத் துணியை உதறிப் போட வேண்டும், அதைப் பற்றி ஒரு வார்த்தை வாயைத் திறக்காமல், சாகிறவரை.

"நீங்க வாங்கியிருக்கலாமே. நீங்கதானே அப்பா."

"என்கிட்ட அந்தப் பொறுமை இல்ல மன்கா. அவன் மூஞ்சியப் பார்த்தா நான் என்ன பண்ணுவேனோ. உனக்குப் பொறுமை இருக்கு. ஊரே சொல்லுது."

"எனக்குப் பொறுமை இருக்குன்னு ஊர் சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க. எனக்கு வேற வழியில்ல, அதனால செய்யறேன். அவ்வளவுதான்."

சிஃபாயேல் அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு சரிவில் இறங்கிப் போனார். சாயங்காலம்வரை திரும்பமாட்டார். நல்ல மனுஷன்தான். கஷ்டமான நாளில் மட்டும் அவருக்கு எங்கேயாவது புல் வளர்ந்திருக்கும்.

ஒருத்தியைப் பொறுமைசாலி என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவள் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாம். போன ஈஸ்டர் ஆராதனையில் போதகர் மன்காவை முன்னால் அழைத்து நிறுத்தி, நீடிய பொறுமைக்கு நம் சபையில் சாட்சி இந்தச் சகோதரிதான் என்றார். சபை முழுக்கக் கைதட்டியது. மாதர் சங்கத்தார் பூப்போட்ட துணி ஒன்றைத் தோளில் போர்த்தினார்கள். கைதட்டிய முந்நூறு பேரில் ஒருவர்கூட, அடுத்த வாரம் வந்து ஒரு பக்கம் பிடிக்கட்டுமா என்று கேட்கவில்லை. மன்கா அந்தத் துணியை இரண்டாகக் கிழித்து மகளுக்குக் கீழே விரிக்க எடுத்துக்கொண்டாள்.

பத்து மணி முறையை முடித்து நிமிரும்போது வாசலில் ஆடு கத்தியது.

மூன்று பேர் நின்றார்கள். முன்னால் நஃப்தாலி, சபைக்கும் மூப்பர், குலத்துக்கும் மூத்தவர், எந்தப் பஞ்சாயத்தாக இருந்தாலும் கோட்டுப் போட்டுக்கொண்டு வருகிறவர். பக்கத்தில் ஃபோயிபே. பின்னால், ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி, ஓம்பேனி.

மன்கா அவனைப் பார்க்கக்கூடாது என்று நினைத்தாள். பார்த்துவிட்டாள். மெலிந்து போயிருந்தான். கன்னம் ஒட்டி, முன்தலை வழுக்கை விழுந்திருந்தது. முப்பத்திரண்டு வயதுதான். இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். வரவில்லை. நடக்கிறானே என்றுதான் தோன்றியது. இரண்டு காலால் நடந்து வந்திருக்கிறான்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம் மகளே," என்றார் நஃப்தாலி. "நீ இலைய வாங்கிட்டேன்னு கேள்விப்பட்டோம். ரொம்பச் சந்தோஷம். இனி ஆட்டை அறுத்து, ஒரு ஜெபம் பண்ணிட்டா முடிஞ்சுது."

"நான் வாங்கல ஐயா."

"வாங்கினியே," என்றாள் ஃபோயிபே. "வலது கையால வாங்கின. நான் பார்த்தேன்."

"பாலை வாங்கினேன். இருட்டுல வாங்கினேன். திருட்டுத்தனமா குடுத்தது நீங்க."

"அடி அம்மா, பிள்ளைக்குப் பால் குடுத்தது திருட்டாம். கேட்டுக்கங்க மூப்பரே."

நஃப்தாலி கோட்டுப் பொத்தானைத் தடவினார். "வெளிச்சத்துல வாங்கினியா இருட்டுல வாங்கினியான்னு இலைக்குத் தெரியாது மன்கா. கையில வந்தா வந்ததுதான். இதுவரைக்கும் இந்தக் குலத்துல யாரும் திருப்பிக் குடுத்தது கிடையாது. நீயே யோசி. ஆறு வருஷம் பொறுத்தவ. இன்னும் ஒரு அடிதானே பாக்கி? ஆண்டவர் உனக்குக் குடுத்த வரமே அதுதான்."

"வரமா? நீங்க வாங்கிக்கறீங்களா அந்த வரத்தை? ஒரு வாரத்துக்குத் தரேன்."

ஆடு வாழைக்கன்று ஒன்றின் இலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

ஓம்பேனி அப்போதுதான் வாயைத் திறந்தான். "அண்ணி, பால்ல வெக்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"நீ வாய மூடு," என்றாள் ஃபோயிபே. "உனக்காகத்தான் எல்லாம்."

"உன்கூட நான் பேசல ஓம்பேனி," என்றாள் மன்கா. "மூப்பர்கிட்ட பேசறேன். ஐயா, நீங்க வேணும்னா எழுதிக்கங்க. மன்கா பொறுமை கெட்டவ, மன்னிக்காதவ, நற்கருணைக்குத் தகுதியில்லாதவ. ஞாயித்துக்கிழமை வாசிங்க. ஆனா இவனை நான் மன்னிச்சேன்னு என் பேர்ல பொய் வாசிக்காதீங்க."

சொல்லும்போதே அவளுக்குப் பயமாக இருந்தது. நற்கருணை இல்லாமல் அவளால் இருக்க முடியாது. மாதம் ஒரு தடவை அந்த ஒரு துண்டு அப்பத்துக்காகத்தான் மற்ற நாட்களை அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

உள்ளேயிருந்து ஹைக்காவின் குரல்.

"அம்மா, எல்லாரையும் உள்ள வரச் சொல்லு. எனக்குக் கையும் காலும்தான் போச்சு. காது நல்லாத்தான் கேக்குது."

"நீ சும்மா படு."

"படுத்துட்டுத்தான் இருக்கேன். ஆறு வருஷமா அதைத்தான செய்யறேன்."

நஃப்தாலி செருப்பைக் கழற்றினார். அவர் உள்ளே போனால் மற்றவர்களும் போகத்தானே வேண்டும்? ஓம்பேனி வாசலிலேயே நின்றான். அந்த அறைக்குள் அவன் கால் வைத்ததே இல்லை. ஆட்டைப் பலாமரத்தில் கட்டி, முடிச்சைச் சரிபார்த்து, மறுபடி சரிபார்த்து, அதற்கப்புறம்தான் வந்தான்.

எண்ணெயும் மருந்தும் கலந்த வாசனை. கட்டிலில் ஹைக்கா இடதுபுறமாகத் திரும்பிப் படுத்திருந்தாள். பத்தொன்பது வயது. முகம் மட்டும் அந்த வயதுக்கு உரியதாக இருந்தது. தலைமாட்டில் ரேடியோ. ஓம்பேனி அவளைப் பார்த்ததும் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான்.

"வாங்க சித்தப்பா. வழுக்கை விழுந்துடுச்சே."

அவன் முன்தலையைத் தடவிக்கொண்டான்.

"தாத்தா," என்றாள் ஹைக்கா நஃப்தாலியிடம். "எனக்கு ஒரு சந்தேகம். அடிபட்டது யாரு?"

"நீதாம்மா."

"அப்ப இலைய யார்கிட்ட குடுக்கணும்?"

நஃப்தாலி தாடையைச் சொறிந்தார். "வீட்டுப் பெரியவங்க வாங்கினா பிள்ளைங்க வாங்கின மாதிரிதான்."

"நான் பிள்ளை இல்ல தாத்தா. போன வருஷம் ஓட்டுகூடப் போட்டேன். அப்பா தூக்கிட்டுப் போனாரு. என் கையில குடுக்கச் சொல்லுங்க."

"ஹைக்கா," என்றாள் மன்கா. "உனக்கு எதுக்கும்மா இது? நான் பார்த்துக்கறேன்."

"நீ எல்லாத்தையும் பார்த்துக்கற. இதை மட்டும் நான் பார்த்துக்கறேன்."

மன்காவுக்குத் தடுக்க வேண்டும் போல இருந்தது. மகள் இரக்கப்பட்டு வாங்கிவிடுவாளோ என்ற பயம். வாங்கிவிட்டால் அப்புறம் தாய்க்குக் கோபப்படக்கூட உரிமை கிடையாது.

ஃபோயிபே அடுக்களைக்கு ஓடிப் போய் முடிச்சிட்ட இலையை எடுத்து வந்து தம்பி கையில் திணித்தாள். ஓம்பேனி கட்டிலுக்கு அருகே முழங்கால் போட்டு உட்கார்ந்தான். ஹைக்காவின் வலது கை போர்வைமேல் விரிந்து கிடந்தது. அவன் இலையை அந்த உள்ளங்கையில் வைத்தான்.

இலை சரிந்து தரையில் விழுந்தது.

எடுத்து மறுபடி வைத்தான். விரல்கள் மூடவில்லை. மூட முடியாது. இலை மறுபடி விழுந்தது. மூன்றாவது தடவையும் எடுத்து வைத்தான்.

"இதுக்கு எதுக்கு இவ்வளவு?" என்றாள் ஃபோயிபே. "தலையணைக்கு அடியில வெச்சுடு. இல்லாட்டி விரலுக்கு நடுவுல செருகு."

"செருகுறதுன்னா பூனைக்குக்கூடச் செருகலாம் அத்தை. கையில வாங்கணும்ல?" ஹைக்கா சித்தப்பாவைப் பார்த்தாள். "ஒண்ணு பண்ணுங்க. என் விரலை நீங்களே மூடிப் பிடிச்சுக்கங்க. பிடிச்சிருக்கற வரைக்கும் நான் வாங்கினதா வெச்சுக்கலாம். நீங்க விட்டா விழும். விழுந்தா வாங்கலன்னு அர்த்தம். சரியா தாத்தா?"

நஃப்தாலிக்கு இப்படி ஒரு வழக்கு இதுவரை வந்ததில்லை. "அப்படியும் இருக்கலாம்," என்று இழுத்தார்.

ஓம்பேனி இரண்டு கைகளாலும் அந்த விரல்களை இலையோடு சேர்த்து மூடிப் பிடித்தான்.

"வாங்கியாச்சு," என்றாள் ஃபோயிபே. மேற்கொண்டு ஒரு நொடி நிற்கவில்லை. "நான் போதகர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்." செருப்புச் சத்தம் தோப்பைத் தாண்டிப் பாதையில் போய் மறைந்தது.

கூப்பிடலாமா என்று மன்கா நினைத்தாள். அதற்குள் ஃபோயிபே தூரம் போய்விட்டாள்.

ஓம்பேனி பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று. நஃப்தாலி நாற்காலியில் சாய்ந்து, ஜெபம் செய்வதுபோல ஆரம்பித்துக் குறட்டையில் முடித்தார். மன்கா நின்றுகொண்டே இருந்தாள். அவன் முழங்கால் மரத்துப்போய் இடம் மாற்றி உட்கார்ந்தான், ஆனால் கையை எடுக்கவில்லை. மூக்கு ஒழுகியது. துடைக்கவும் இல்லை.

"கை வலிக்குதா சித்தப்பா?"

"வலிக்குது."

"எனக்குத் தெரியல. நீங்க பிடிச்சிருக்கறதே எனக்குத் தெரியல. அது உங்களுக்குத் தெரியுமா?"

அவன் அழ ஆரம்பித்தான். சத்தமில்லாமல் தோள் மட்டும் குலுங்கியது. மன்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அழட்டும் என்று இருந்தது. இன்னும் அழட்டும்.

மணி பன்னிரண்டு.

"எழுந்திரு," என்றாள் மன்கா. ஆறு வருஷத்தில் அவனிடம் அவள் நேராகப் பேசிய முதல் வார்த்தை, உன்கூடப் பேசவில்லை என்று சொன்னதை விட்டால். "அவளைத் திருப்பணும்."

"கையை விட்டா..."

"திருப்பணும்னு சொன்னேன். அந்தப் பக்கம் வா. தோளுக்கு அடியில ஒரு கை, இடுப்புக்கு அடியில ஒரு கை. நான் சொல்லும்போது உன் பக்கம் இழு. இழுத்துட்டு அப்படியே பிடி. விட்டுடாத."

ஓம்பேனி ஹைக்காவின் முகத்தைப் பார்த்தான். அவன் விரல்களைத் தளர்த்தினான். இலை நழுவிக் கட்டில் ஓரத்தில் தங்கியது. அவன் எழுந்து மறுபக்கம் போய்க் கை கொடுத்தான்.

மன்கா போர்வையை விலக்கினாள். துணியை அவிழ்த்தாள்.

இடுப்புக்குக் கீழே, வால் எலும்பின்மேல், உள்ளங்கை அகலத்துக்குப் புண். ஒரு முறைகூடத் தவறாமல் புரட்டியும் மே மாத மழையில் வந்துவிட்டது. நடுவில் குழி விழுந்து, குழியின் ஓரம் கறுத்திருந்தது. அந்தக் கறுப்பு நேற்று இல்லை. மன்கா அதைக் காலையில்தான் பார்த்தாள், யாரிடமும் சொல்லவில்லை.

ஓம்பேனி பார்த்தான். அவன் முகம் சுவர்ப் பக்கம் போயிற்று.

"முகத்தைத் திருப்பாத. பாரு," என்றாள் மன்கா. "கோர்ட்டுல இது கிடையாது. ஜெயில்லயும் கிடையாது. இங்கதான் இருக்கு."

அவள் உப்புத்தண்ணீரில் துணியை நனைத்துத் துடைக்கத் தொடங்கினாள். துடைக்கும் அசைவில் போர்வை இழுபட்டு, ஓரத்தில் தங்கியிருந்த இலை மெல்ல நகர்ந்தது. ஓம்பேனிக்கு அது தெரிந்தது. ஒரு கையை எடுத்தால் பிடித்துவிடலாம். ஒரு கையை எடுத்தால் ஹைக்கா புண்ணின்மேல் சரிவாள். அவன் அசையவில்லை. இலை தரையில் விழுந்தது.

நஃப்தாலி கண்ணைத் திறந்திருந்தார். தரையைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், எழுந்து கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"ஆடு கயிறை அறுத்துக்கும்போல இருக்கு. நான் எதையும் பார்க்கல மகளே," என்று சொல்லி வெளியே போய்விட்டார்.

மன்கா மருந்து வைத்துக் கட்டினாள், தலையணைகளை முட்டுக் கொடுத்தாள். எல்லாம் முடியும்வரை அவன் பிடித்திருந்தான். முடிந்ததும் கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான்.

"இலையை எடுக்கட்டுமா?"

"கிடக்கட்டும்," என்றாள் ஹைக்கா. கண் மூடியிருந்தது. களைத்துப் போயிருந்தாள்.

ஓம்பேனி மன்கா பக்கம் திரும்பினான். "அண்ணி, அக்கா போய் வாங்கியாச்சுன்னு சொல்லியிருக்கும். நான் போய் விழுந்துடுச்சுன்னு சொல்லணும். ஒரு மணிக்குள்ள போகணும்."

"சொன்னா உன் பேரை வாசிக்க மாட்டாங்க."

"மாட்டாங்க."

"அந்தப் பொண்ணு?"

"அவகிட்டயும் சொல்லணும். போதகர் வீட்டுலதான் காத்துட்டிருக்கா." அவன் வாசலுக்குப் போய் நின்றான். "அடுத்தது எப்போ?"

"என்னது?"

"திருப்புறது."

"ரெண்டு மணிக்கு."

"வந்துடறேன்."

"நான் உன்னைக் கேக்கல," என்றாள் மன்கா.

அவன் போய்விட்டான். நஃப்தாலியும் ஆட்டை இழுத்துக்கொண்டு போனார். மன்கா வாழைக்காய்க் கஞ்சியைச் சுடவைத்து மகளுக்கு ஊட்டினாள். தரையைப் பெருக்கியபோது இலையைச் சுற்றிப் பெருக்கினாள், தொடவில்லை.

"சொல்லுவாராம்மா போதகர்கிட்ட?"

"எனக்கென்ன தெரியும்?"

"சொல்ல மாட்டார்னு நினைக்கறியா?"

"சொல்லுவான்னு நினைக்கல. சாப்பிடு."

மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காலையைவிடச் சூடாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக இரண்டு ஆள் வேண்டும். சிஃபாயேல் ஒருத்தர். இன்னொருத்தர் யார்?

மணி இரண்டானது. மன்கா எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்துக்கொண்டாள். கட்டிலுக்கு அருகே வந்து நின்றாள். குனியவில்லை. வாசலைப் பார்த்தாள். பனி மறுபடி இறங்கியிருந்தது, பலாமரம்வரைதான் தெரிந்தது.

"மணி ஆச்சாம்மா?"

"ஆகப்போவுது."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி ஐந்து நிமிஷம். கையிலிருந்த எண்ணெய் காய்ந்தது. மறுபடி ஊற்றினாள். தூரத்தில் ஏதோ வண்டிச் சத்தம், மேலே போய்விட்டது.

இரண்டு பத்துக்குத்தான் அவளுக்கு உறைத்தது, தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று. மலேரியாவில் நடுங்கியபோது தவறவிடாத முறை. மாமனார் பிணம் முற்றத்தில் கிடந்தபோது தவறவிடாத முறை. இன்று பத்து நிமிஷம் தவறிவிட்டது. அவனுக்காக. அவன் வந்துவிடுவான் என்று நின்றிருக்கிறாள். வரவேண்டும் என்று நின்றிருக்கிறாள். அவமானத்தில் அவளுக்கு முகமெல்லாம் எரிந்தது.

"மன்னிச்சுக்கோம்மா," என்று மகளிடம் சொல்லிவிட்டுக் குனிந்தாள். தோளுக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை. ஆண்டவரே, இந்த ரெண்டு மணி நேரத்துக்கு மட்டும். இழுத்துத் திருப்பி, மகளின் முழு பாரத்தையும் தன் மார்பில் தாங்கிக்கொண்டாள்.

வாசல் தட்டி திறக்கும் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம். ஒரு ஆள் நடையில்லை, இரண்டு பேர்.

"யாரும்மா?" என்றாள் ஹைக்கா.

மன்காவுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்க வேண்டுமானால் மகளை விட வேண்டும்.